பாற்பல்லும் அணுகுண்டும்

அணுகுண்டைப் பற்றி எழுதுவதற்கு இந்த ஏடுதானா கிடைத்தது என்று எமது வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். காணிக்குத் திரும்ப வழியில்லாமல் இருப்பவருக்கு, பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கக் காசில்லாதவருக்கு, வல்லரசுகளின் ஆயுதக் கணக்கு எதற்கு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஆயுதங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஊரைவிட்டு எழுப்பப்பட்டவர்கள் எம்மைப் போன்றவர்களே. மரத்தையும் கடலையும் நம்பிச் சீவித்த எளிய குடும்பங்கள் அவை.

பசிபிக் சமுத்திரத்தில், மார்ஷல் தீவுகளில் ஒன்று பிகினி. 1946 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்த கையோடு அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் அந்த மக்களைக் கூட்டி, மனுக்குலத்தின் நன்மைக்காக உங்கள் தீவைச் சிறிது காலத்துக்கு விட்டுத் தருவீர்களா என்று கேட்டார். இஸ்ராயேல் மக்களின் கதையையும் உவமை காட்டினார். (வேதாகமம் இப்படியும் பயன்படும் என்பதை எம்மைப் போன்ற குருக்கள் மறக்கக்கூடாது.) 167 பேர் கப்பலேறினார்கள். கொண்டுபோய் இறக்கிய தீவில் உணவு போதவில்லை, பட்டினி கிடந்தார்கள். 1948இல் மீண்டும் இடப்பெயர்வு. 1958 வரை பிகினியில் 23 குண்டுகள் வெடிக்கப்பட்டன. பிறகு 1968இல், இனி ஆபத்தில்லை, திரும்பலாம் என்றார்கள். சில குடும்பங்கள் போய்க் குடியேறின. அவர்களுடைய உடலைப் பரிசோதித்தபோது, மண்ணில் தங்கியிருந்த கதிரியக்கச் சீசியம் தேங்காய் முதலான உணவு வழியே உள்ளே சேர்ந்திருந்தது தெரியவந்தது. 1978இல் மறுபடியும் ஏற்றி இறக்கப்பட்டார்கள்.

திரும்பலாம் என்று சொன்னவர்கள் எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள்? கண்ணிவெடி அகற்றியாயிற்று என்ற சான்றுக்காகக் காத்திருந்த எமது குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

அளந்து பார்க்கும் வேலையை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிடாத சிலரைப் பற்றித்தான் நாம் சொல்ல வந்தோம். 1954 மார்ச் முதலாந் திகதி பிகினியில் வெடித்த ஐதரசன் குண்டு, எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வலுவுடன் வெடித்தது. அதன் சாம்பல் யப்பானிய மீன்பிடிக் கப்பலொன்றில் இருந்த 23 பேர் மீதும் விழுந்தது. ஒருவர் அதே ஆண்டு செப்டெம்பரில் இறந்தார். யப்பானியச் சந்தைகளில் சூரை மீனை வாங்க ஆளில்லை. அப்போது தோக்கியோ நகரின் சுகினாமி பகுதியில் மீன் வியாபாரிகளும் குடும்பப் பெண்களும் கையொப்பம் சேர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நாடு முழுவதிலும் சேர்ந்த கையொப்பங்கள் 3 கோடியைத் தாண்டின.

அமெரிக்காவில் சென் லூயிஸ் என்ற நகரில் நடந்தது இதைவிட அமைதியான வேலை. நெவாடா பாலைவனத்தில் வெடித்த குண்டுகளின் தூசி காற்றோடு கிழக்கே போய், மழையோடு புல்லில் இறங்கியது. அதில் ஸ்ரொன்சியம்-90 என்றொரு பொருள் உண்டு. கல்சியத்தைப் போன்ற குணமுடையது. புல்லை மாடு மேய்கிறது, பாலைப் பிள்ளை குடிக்கிறது, உடம்பு அதைக் கல்சியம் என்று எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்கிறது. மாடு வளர்க்கும் எவருக்கும் இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்றனர் அதிகாரிகள். அந்நகர மக்களிற் சிலரும் பரி கொமனர் போன்ற விஞ்ஞானிகளும் சேர்ந்து 1958இல் ஒரு குழு அமைத்தார்கள். விழுந்த பாற்பற்களை எமக்கு அனுப்புங்கள் என்று தாய்மாரைக் கேட்டார்கள். பாற்பல் உருவாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதலாண்டிலுந்தான். விழுவது ஆறேழு வயதில். எனவே ஒவ்வொரு பல்லும் அந்த முதற் காலத்தின் பதிவேடு. பல்லோடு ஒரு சிறு அட்டையும் நிரப்பவேண்டும்: பிறந்த திகதி, வயிற்றில் இருந்தபோது தாய் வசித்த இடம், குடித்தது தாய்ப்பாலா மாட்டுப்பாலா என்ற விபரம். பாடசாலைகள், பல் வைத்தியர்கள், பங்குகள் வழியாகப் பற்கள் வந்தன. இயேசு சபையார் நடத்தும் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியப் பிரிவும் இதில் பங்காளியாக இருந்தது என்பதில் எமக்குச் சற்றுப் பெருமை. பல் கொடுத்த பிள்ளைக்கு, என் பல்லை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தேன் என்ற சட்டைச் சின்னம் ஒன்று கிடைத்தது. 1970 வரை ஏறக்குறைய 3 இலட்சத்து 20 ஆயிரம் பற்கள் சேர்ந்தன.

ஆய்வை நடத்திய வைத்தியர் லூயீஸ் றைஸ் என்ற பெண்மணி 1961 நவம்பரில் முதல் முடிவை வெளியிட்டார். ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து பல்லில் ஸ்ரொன்சியம் கூடிக்கொண்டே போகிறது என்பது அதன் சாரம். இத்தனை பிள்ளைகள் சாவார்கள் என்று அவர் பயமுறுத்தவில்லை. எண்களை எடுத்து வைத்தார். அதே நவம்பர் மாதத்தில், பல நகரங்களில் தாய்மார் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். முன்னதாக 1958 தொடக்கத்தில், இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் 9,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையொப்பத்தோடு ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுக் கொடுத்திருந்தார்.

1963 ஓகஸ்ட் 5ஆந் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் மொஸ்கோவில் ஒப்பமிட்டன. ஆகாயத்திலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிப்பதில்லை என்பது ஒப்பந்தம். பற்களால் மட்டும் வந்த ஒப்பந்தம் என்று சொல்லமாட்டோம். முந்திய ஆண்டின் கியூபா நெருக்கடி தலைவர்களையும் நடுங்க வைத்திருந்தது. ஆனால் அமெரிக்க செனற் சபையில் 80 பேர் ஆதரித்து வாக்களிப்பதற்கு, பாலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட தாய்மாரும் ஒரு காரணம். ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அந்த அளவு குறைந்தது. ஒப்பந்தத்தின் குறையும் பெரியது: நிலத்தின் கீழ் வெடிப்பதை அது தடுக்கவில்லை, குண்டுகளைக் குறைக்கவுமில்லை. இன்றும் உலகில் 12,000க்கும் மேற்பட்ட அணுக்குண்டுகள் உண்டு.

எமது கூட்டங்களில் எதையும் பெருப்பித்துச் சொன்னால்தான் எடுபடும் என்றொரு பழக்கம் இருக்கிறது. நூறு ஏக்கர் போனதை ஆயிரம் என்கிறோம். அதிகாரி ஒரு எண்ணைப் பொய்யென்று காட்டிவிட்டால் முழு மனுவும் குப்பைக் கூடைக்குப் போகிறது. பல்லோடு அந்த அட்டையையும் கேட்டவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் அறத்துக்கு மாறானது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்று சொன்னார். எமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அணு ஆயுதப் பரவற் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையரான ஜயந்த தனபால. 2023இல் இலங்கை இரண்டு ஒப்பந்தங்களில் இணைந்தது: எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் ஒப்பந்தம் ஒன்று, அணு ஆயுதங்களையே தடை செய்யும் ஒப்பந்தம் மற்றொன்று. முதலாவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டாவது 2021 முதல் நடைமுறையில் உள்ளது. சோதனைகளால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதையும் மாசடைந்த நிலத்தைச் சீராக்குவதையும் அது உறுப்பு நாடுகளின் கடமைகளுக்குள் வைக்கிறது.

அந்தக் கடமைக்காக இலங்கை இதுவரை என்ன பேசியது, என்ன செய்தது என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கலாம். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு கடிதம் எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம். திகதியும் ஒப்பந்தத்தின் பெயரும் பிழையில்லாமல் இருக்கட்டும், பிரதியொன்றைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.