கடுகளவு தடவினால் கரப்பான் போகுமா?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ஏழு மாதக் குழந்தைக்குக் கரப்பான், டாக்டர் கொடுத்த களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதாம், தடவவே பயமாக இருக்கிறதாம். இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதை உண்டாக்கியவளே நான்தான்.

என் பேரனுக்கு ஐந்தாம் மாதம் இரண்டு கன்னமும் சிவந்து, பொரிந்து, நீர் கசிந்தது. ராத்திரியெல்லாம் முகத்தைத் துணியில் தேய்த்துத் தேய்த்து அழுவான். "கத்தரிக்காயும் கருவாடும் தின்னியே, அதான் பால்ல இறங்கிடுச்சு" என்று மகளைத் திட்டினேன். பாவம், ஒரு மாதம் ரசஞ்சோற்றிலேயே கிடந்தாள். கன்னம் அப்படியேதான் இருந்தது.

பிறகு மருந்துக் கடையில் நானே கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். இரண்டே நாளில் கன்னம் பளிச்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிறுத்தினதும் முன்னைவிட மோசமாக வந்தது. டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "இது குளோபெட்டசால்மா. ஸ்டீராய்டுலேயே ரொம்ப வீரியமானது. பச்சைக் குழந்தை முகத்துல போடலாமா? தோல் மெலிஞ்சு போயிடுமே!" 2018-லேயே இப்படிப்பட்ட களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு சொல்லியாயிற்று. நான் கேட்டேன், கொடுத்தார்கள்!

அவர் எழுதிக்கொடுத்தது 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், மிக மென்மையானது. ஆனால் ஸ்டீராய்டு என்ற சொல்லே மகளுக்குக் கிலியாகிவிட்டது. கடுகளவு தொட்டு வைப்பாள், மறுநாள் நிறுத்திவிடுவாள். கரப்பான் போவேனா என்றது. மறுபடி ஓடினோம். அப்போதுதான் அந்த அம்மாள் அளவைக் காட்டினார். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். நம் உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு அது போதும். சிவப்பும் சொரசொரப்பும் அடங்கும்வரை, அவர் சொன்ன நாள்வரை. அதற்கு மேல் நாமாக நீட்டக் கூடாது.

"களிம்பு பாதிதாம்மா. இவன் தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்காது, அதை நீங்கதான் செய்யணும்" என்றார். பயத்தமாவுத் தேய்ப்பு நின்றது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிஷக் குளியல், துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன்னே உடம்பு பூரா வாஸலின். தினமும் இரண்டு மூன்று தடவை, கரப்பான் இல்லாத நாளிலும்தான்! முட்டை, பாலையெல்லாம் நாமாக நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். மகள் அன்றைக்கே கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். நான் வாய் திறக்கவில்லை.

ஒன்று மட்டும். மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு. மார்கழியில் மட்டும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். குளித்துவிட்டு வாஸலின் டப்பாவோடு என்னிடம்தான் வருவான்: "பாட்டி, சீக்கிரம், காயப் போகுது!"