தேறலும் ஷாம்பெயினும்

மூங்கிற் குழாயில் கள்ளை முதிரவிட்ட மலைக்குறவரே உலகின் முதல் ஷாம்பெயினைக் கண்டவர்கள் என்று மேடையில் முழங்குகிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. வகுப்பறையிலோ அதே தேறல் 'தேன்' ஆகிவிடுகிறது. பெருமிதமும் கூச்சமும் எதிரெதிரானவை என்று எண்ணுகிறோம். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: பாட்டைப் படிக்கவிடாமல் தடுக்கின்றன.

புறநானூறு 129 ஆய் அண்டிரனின் மலையைப் பாடுகிறது. மூங்கிலில் முதிர்ந்த தேறல் அங்கே உண்டு. குழாயின் வாயை அடைத்தார்கள் என்ற செய்தி இல்லை. பெரும்பாணாற்றுப்படை செய்முறையே தருகிறது: அரிசிக் களியை ஆற்றி, முளை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிகிறார்கள். பார்லி முளையில் பீர் வடிப்பவர்களின் அறிவுக்கு இது நெருங்கிய உறவு. குமிழியைச் சிறைப்பிடித்ததாக இங்கும் சொல் இல்லை.

சிறைப்பிடிப்பது தனிக்கலை. நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை இட்டு மூடினால் ஏறத்தாழ 1 லிட்டர் கரியமில வாயு பிறந்து பானத்திலேயே கரையும். 6 கிராம் பொதுவாகப் போதும். நொதிப்பு முடியாமல் இன்னும் 10 கிராம் எஞ்சியிருந்தால் போத்தல் வெடிகுண்டு.

நமது மலையொன்றையே எடுத்துக்கொள்வோம். கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். அதை முடிவென்று நம்பி மூடிய போத்தலை வத்தலக்குண்டு வெயிலுக்கு இறக்கினால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும்; கண்ணாடி சிதறும். காற்றழுத்தமும் அங்கே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; பானத்தில் தானே தங்கும் வாயுவும் அதற்கேற்பக் குறையும். சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது. அடர்த்திமானியின் அளவு சில நாள் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே வழி.

தேறுதல் என்றால் தெளிதல். கலங்கியது அடங்கும்வரை காத்திரு என்கிறது அந்தச் சொல். தெளிவு மட்டுமே சான்றாகாது. ஆனால் போத்தலில் அடைப்பவன் கற்கவேண்டிய முதற்பாடம் அதுதான். 'தேன்' என்றாலும் 'ஷாம்பெயின்' என்றாலும் அந்தப் பாடம் அழிகிறது.

யாரையும் வீட்டில் வடிக்கச் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையோ அரசின் டாஸ்மாக் வசம். விற்கக் கூசாத நாட்டில், கள், நறவு, தோப்பி, பிழி, தேறல் என்று பிரித்துச் சொன்ன மொழியைக் கற்பிக்க மட்டும் நாம் ஏன் கூசுகிறோம்?