‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன பிறகும் நெஞ்சு வலிப்பது ஏன்?

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது என்று ஒருவர் அரசாங்க கிளினிக்குக்கு ஓடுகிறார். இசிஜி எடுக்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வலி, அதே வரிசை, அதே பதில். மூன்றாவது தடவை, “சும்மா பயப்படுறாரு” என்று வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிடுகிறது. தோட்டத்திலோ தாமானிலோ இப்படி ஒருவரை நம்மில் பலருக்குத் தெரியும்.

அவர் நடிக்கவில்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்பது ஒரு செய்தி. வலி இல்லை என்பது வேறு செய்தி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் மனப்பதற்றத்தால் அவதிப்படும் பலர் சிகிச்சை கிடைக்காமல் கிளினிக்குக் கிளினிக் அலைகிறார்கள்.

இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல. தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடானது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். மனச்சோர்வும் மனப்பதற்றமும் வேறு வேறு நோய்கள் என்றாலும் பெரும்பாலும் சேர்ந்தே வருபவை. அவர்களில் பலர் முதலில் சொல்வது “மனசு சரியில்லை” என்பதை அல்ல. “உடம்பு சரியில்லை” என்பதைத்தான்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

ஆபத்து என்று மூளை கருதியவுடன், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ வசதியாக, குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிறு கலக்குவது அதனால்தான். தசைகள் இறுகுகின்றன. நெஞ்சுத் தசை இறுகினால் நெஞ்சு வலி. கழுத்துத் தசை இறுகினால் தலைவலி.

மூச்சும் வேகமாகிறது. அப்போது கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுவதால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. காற்று போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக இழுக்கிறார். மரத்துப்போவது கூடுகிறது. “செத்துவிடுவேனோ” என்ற பயம் அட்ரினலினை மேலும் சுரக்க வைக்கிறது. இந்தத் திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அனுபவிப்பவருக்கு மரண பயம்.

மனத்தில் எழுவது உடம்பில் தெரியும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. மெய் என்றால் உடம்பு. அங்கே சொல்லப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கால் அச்சம் பிறக்கும் என்கிறது அந்நூல். விலங்கைக் கண்டால் ஓடித் தப்பலாம். ஓடி முடித்ததும் உடம்பும் அடங்கிவிடும். வட்டிக்காரன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைக் கண்டு எங்கே ஓடுவது? வேலை ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலையிலிருந்து எப்படித் தப்புவது? இன்றைய பயங்களுக்கு முடிவு நேரம் இல்லை. மாதக்கணக்கில் விழிப்பு நிலையிலேயே இருக்கும் உடம்பு தூக்கத்தை இழக்கிறது. கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடுவதால் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையும் ஏறுகிறது.

இதயத்தை முதலில் பாருங்கள்

நெஞ்சு வலி எல்லாம் கவலையால் வருவது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும்போது வலி மங்கலாகவே தெரியலாம். வெறும் மூச்சுத் திணறலாகவோ குமட்டலாகவோகூட வரலாம். “காஸ் பிடிச்சிருக்கு” என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவது ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், நடக்கும்போதோ உழைக்கும்போதோ கூடினாலும், வியர்த்துக் கொட்டினாலும் 999-ஐ அழையுங்கள். முதல் தடவை வரும் நெஞ்சு வலியை எந்த வயதிலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பதற்றத்தைப் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்க்கும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் அந்த நேரத்தில் உடனே பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது. நம் மருத்துவ முறை அந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறது.

மொழிபெயர்ப்பில் தொலையும் கவலை

தமிழில் நாம் கவலையைச் சொல்வதே உடம்பை வைத்துத்தான். “அடிவயிறு கலங்குது”, “நெஞ்சு அடைக்குது”, “ஈரக்குலை நடுங்குது”. கேட்கும் தமிழருக்கு அதில் பாதி மனம், பாதி உடம்பு என்பது புரியும். அதையே கிளினிக்கில் மலாய்க்கு மாற்றும்போது “சாக்கிட் டாடா” என்று மட்டும் ஆகிவிடுகிறது. மருத்துவரின் காதில் விழுவது நெஞ்சு வலி. அவர் நெஞ்சைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது, அனுப்பிவிடுகிறார். வெளியே வரிசை காத்திருக்கிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை.

எனவே நோயாளியே இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, அதற்கு முன் வீட்டிலோ வேலையிலோ என்ன நடந்தது. “சாயா ரிசாவ், தாக் போலே தீடோர்” என்று சொன்னாலே போதும். மருத்துவர் வேறு திசையில் கேட்கத் தொடங்குவார்.

கதவு இருக்கிறது, வழிகாட்டிப் பலகை இல்லை

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. மனநோய் போலீஸ் விவகாரம் அல்ல, மருத்துவ விவகாரம் என்பதை நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். மனநலக் கேள்வித்தாள் அங்கேயே உண்டு. தேவைப்பட்டால் மெந்தாரி சமூக மனநல மையத்துக்கோ மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அங்கிருந்தே கடிதம் தருவார்கள்.

ஆனால் நெஞ்சு வலியோடு வருபவருக்கு அந்தக் கதவைக் காட்டும் பலகை எங்கே? மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால் முதல் வடிகட்டல் கிளினிக்கிலேயே நடக்க வேண்டும். “ஒன்றுமில்லை” என்பதற்குப் பதிலாக “இதயம் நன்றாக இருக்கிறது, பதற்றத்தால் இப்படி வரலாம், அதற்கும் சிகிச்சை இருக்கிறது” என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஒருவரின் ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சமூக அமைப்புகளுக்கும் இதில் வேலை உண்டு. கோயில் மண்டபங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்திச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறோம். அதே மேசையில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் மனம் பதறிக்கொண்டே இருந்ததா? கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா? மருத்துவர்கள் முதல்கட்டமாகக் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஆம் என்பவருக்குக் கிளினிக் முகவரியைக் கையில் கொடுத்து அனுப்பலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக்குவதே முதல் உதவி. மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். கூட இருப்பவர் “பயப்படாதே” என்று அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எண்ணினாலே பெரிய உதவி. கோப்பியும் சக்தி பானமும் படபடப்பைக் கூட்டும். சம்சுவோ பியரோ இரவில் ஆறுதல் தருவதுபோல் இருக்கும்; போதை இறங்கும் காலையில் கை நடுக்கமும் பயமும் முன்பைவிட அதிகமாகத் திரும்பும்.

விபூதி பூசுவதும் திருஷ்டி கழிப்பதும் மனத்துக்குத் தெம்பு தருமானால் செய்யலாம். ஆனால் மருந்தை நிறுத்தக் கூடாது. மனப்பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகளில் பல, பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் சரியாகவில்லை என்று தூக்கிப் போடுவதும், கொஞ்சம் தேறியதும் திடீரென்று விடுவதும் நோயை மீண்டும் கொண்டுவரும். தூக்க மாத்திரையை அக்கம்பக்கத்தில் வாங்கிப் போடுவது அதைவிட மோசம், பழக்கமாகிவிடும். பேச்சு வழிச் சிகிச்சையால், மாத்திரை இல்லாமலே தேறுபவர்களும் உண்டு.

பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்கள் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; பிஃப்ரெண்டர்ஸ் இரவும் பகலும் எடுக்கும்.

நீரிழிவு வந்தால் வெட்கப்படாமல் மாத்திரை போடப் பழகிவிட்டோம். கவலையால் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவும் பழக வேண்டும். அப்படிச் சொல்பவரைப் பார்த்து “உனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்வதை முதலில் வீட்டில் இருக்கும் நாம் நிறுத்த வேண்டும்.