பென்சீன் வளையத்தில் சிக்கிய நிகோடின்

கெமிஸ்ட்ரி படிச்சா பெயின்ட் கம்பெனி, மருந்து கம்பெனி, இல்லைன்னா லெக்சரர் வேலை. மூளை, நரம்பு எல்லாம் மெடிக்கல் காலேஜ் சமாச்சாரம். இப்படித்தானே நாம பங்கு பிரிச்சு வெச்சிருக்கோம்? டென்னிஸ் டோஹர்ட்டியின் கதை இந்தக் கணக்கைக் கலைச்சுப் போட்டுடும் மக்களே!

பிரின்ஸ்டனில் பிஹெச்.டி. முடிச்சவர், 1979-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் கெமிஸ்ட்ரி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போ அவருக்கும் மூளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 80-களில் அவரோட டீம், பென்சீன் வளையங்களைச் சுவராக வெச்சுக் குட்டிக் குட்டிக் கிண்ணம் மாதிரி மூலக்கூறுகளைச் செஞ்சது. அங்கேதான் ட்விஸ்ட். பாசிட்டிவ் சார்ஜ் உள்ள மூலக்கூறுகளுக்குத் தண்ணீர்தான் ரொம்பப் பிடிக்கும். ஆனா அதுங்க தண்ணியை விட்டுட்டு, எண்ணெய்ப் பசை மாதிரியான இந்தக் கிண்ணத்துக்குள்ளே போய் உட்கார்ந்துக்கிச்சு!

காரணம், பென்சீன் வளையத்தோட மேலும் கீழும் எலெக்ட்ரான் மேகம். அந்த நெகட்டிவ் பக்கம் பாசிட்டிவை இழுக்குது. இதுக்குப் பேர் 'கேட்டயான்-பை' ஈர்ப்பு.

சரி, மூளை எங்கே வந்துச்சு? நரம்புகள் தகவல் அனுப்பப் பயன்படுத்துற அசிட்டைல்கோலின் பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது. நிகோடினும் உடம்புக்குள்ளே பெரும்பாலும் அப்படித்தான். இதைப் பிடிக்கிற ரிசெப்டார் புரோட்டீன்லயும் இதே வேலைதான் நடக்குதோன்னு சந்தேகம் வந்துச்சு.

நிரூபிக்கணுமே! அதே கேம்பஸில் இருந்த நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஹென்றி லெஸ்டரோடு கை கோத்தார். தவளை முட்டைக்குள்ளே ரிசெப்டாரை உருவாக்கி, அதில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலா ஃப்ளோரின் ஒட்டிய டிரிப்டோஃபானை வெச்சாங்க. ஃப்ளோரின் ஏற ஏற வளையத்தோட நெகட்டிவ் குறையும். 1998-ல் வந்த ரிசல்ட்: தசையில் இருக்கும் ரிசெப்டாரில், 149-ஆவது இடத்து டிரிப்டோஃபானில் ஃப்ளோரின் கூடக் கூட, அசிட்டைல்கோலின் மேல பிடி தளர்ந்துகிட்டே போச்சு. குற்றவாளி சிக்கியாச்சு!

ஆனா ஒரு கேள்வி பாக்கி. தம் அடிச்சா நிகோடின் மூளையை மட்டும் ஏன் பிடிக்குது? தசையையும் அதே வேகத்தில் பிடிச்சிருந்தா, முதல் தம்முக்கே கை கால் இழுத்துக்கும், உயிரே போகலாம். 2009-ல் விடை கிடைச்சது. மூளை ரிசெப்டாரில் நிகோடின் அந்த வளையத்தைக் கெட்டியாப் பிடிக்குது, தசையில் பிடிக்கலை. முக்கியமான வித்தியாசம், பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். தசையில் கிளைசின், மூளையில் லைசின். தசை ரிசெப்டாரில் அதை மட்டும் லைசினா மாத்தினதும் அங்கேயும் நிகோடின் நல்லாவே ஒட்டிக்கிச்சு.

"நினைச்சா விட்டுடுவேன் மச்சி"ன்னு டீக்கடையில் புகை விடுற நண்பர்களே, கொஞ்சம் கவனிங்க. உங்களோட மல்லுக்கட்டுறது வெறும் பழக்கம் மட்டுமில்லை, ஒரு கெமிக்கல் பிடியும்தான். விட முடியாம திணறுறவனை 'மன உறுதி இல்லாதவன்'னு கிண்டல் பண்றவங்களும் இதைக் கேட்டுக்கணும்.

இன்னொரு விஷயம். மூளைக்குள்ளே போறதுக்காக டோஹர்ட்டி பிராஞ்ச் மாறலை. ஃபர்ஸ்ட் இயர்ல நாம மார்க்குக்காக வரைஞ்சு தள்ளின அதே பென்சீன் வளையத்தை இருபது வருஷத்துக்கு மேல விடாமப் பிடிச்சுக்கிட்டார். அதுவே அவரை அங்கே கூட்டிட்டுப் போச்சு. 'இந்த பிராஞ்ச் எடுத்து என்னத்தைக் கிழிக்கப் போறே?'ன்னு கேட்கிற மாமாக்களிடம் தாராளமா இந்தக் கதையை எடுத்து விடுங்க!