ஊர் பிரியும் இடமா, உயிர் பிரியும் இடமா?



மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தை நம் கொங்குச் சீமையில் 'பிரிவு' என்போம். பஸ் நிற்பதும் பால் வண்டி நிற்பதும் டீக்கடை இருப்பதும் பிரிவில்தான். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே அடிவயிறு கலங்குகிறது. நம் சங்க உறுப்பினர் ஒருவர் விடியற்காலையில் டி.வி.எஸ். 50-இல் பால் கேனைக் கட்டிக்கொண்டு பைபாஸைக் கடந்தார். தோட்டத்துக்கும் சொசைட்டிக்கும் தினமும் இரண்டு நேரம் கடந்த ரோடுதான். அன்று வீடு திரும்பவில்லை. "குறுக்கே வந்துட்டாருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நாம் கேட்கிறோம்: அவர் ரோட்டுக்குக் குறுக்கே வந்தாரா, ரோடு அவர் தோட்டத்துக்குக் குறுக்கே வந்ததா?

இது ஒரு வீட்டுத் துக்கம் மட்டுமல்ல. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 பேர். நாட்டின் மொத்த ரோட்டில் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 2 சதவீதம்தான். சாவிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? 64,105 விபத்துகளோடு நம் தமிழ்நாட்டுக்கு.

கோவையைப் பாருங்கள். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. நல்லது, நகரத்தார் நெரிசலில்லாமல் போகட்டும். நாம் பொறாமைப்படவில்லை. ஆனால் நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கி.மீ. பைபாஸ், நகரத்துக்குள் லாரி வரக்கூடாது என்பதற்காகத் தோட்டங்காடுகளை அறுத்துக்கொண்டு போடப்பட்டதல்லவா? திருச்சி ரோட்டையும் பொள்ளாச்சி ரோட்டையும் அது கடக்கிறது. அவற்றுக்கு நடுவே எத்தனை ஊர்ப் பாதை, எத்தனை இட்டேரி! நகரத்து நெரிசலை ஊர்ப்புறத்துக்குத் தள்ளினார்கள். நெரிசலோடு சாவும் சேர்ந்து வந்தது.

காரணம் ஒன்றுதான். ரோட்டோடு போகிறவனுக்குத் திட்டம் இருக்கிறது. ரோட்டைக் கடக்கிறவனுக்குத் திட்டம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. தேங்காய் லோடு ஏற்றிய டிராக்டர் ரோட்டைக் கடக்க பத்து நொடி என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்தப் பத்து நொடியில் 220 மீட்டர் வந்துவிடும். இருட்டில், டிம் லைட்டில் அவ்வளவு தூரம் யாருக்குத் தெரியும்? நடுவில் இருக்கும் திறப்பை அடைத்துவிட்டால் தீர்ந்ததா? எதிர்த்த தோட்டத்துக்குப் போக நான்கு கிலோமீட்டர் சுற்று என்றால் தப்பு என்று தெரிந்தே ராங் சைடில் போகிறார்கள். திறந்து வைத்தாலும் சாவு, அடைத்து வைத்தாலும் சாவு. கீழே ஒரு சுரங்கப்பாதை, பக்கத்தில் ஒரு சர்வீஸ் ரோடு. இரண்டும் இருந்தால் இந்தச் சாவு எதற்கு?

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? கேட்க வேண்டிய நேரம் ரோடு போடுவதற்கு முன்பு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன்படி 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர்கள் ஆட்சேபணை தரலாம். நம்மில் பலர் விலையை மட்டும் எழுதுகிறோம். எந்த இட்டேரி அறுபடுகிறது, எந்த வாய்க்கால் அடைபடுகிறது என்பதையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரம் தவறி ரோடு போட்டு அதனால் உயிர்ச்சேதம், ஊனம் ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இந்தப் பிரிவை எத்தனை வழக்கில் தொட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம் பக்கத் தப்பையும் மறைக்க வேண்டாம். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை இல்லை. சோளத்தையும் எள்ளையும் ரோட்டில் காயப்போட்டுக் கல்லை வைக்கிறோம். ராத்திரி கல் அங்கேயே கிடக்கிறது. பக்கத்தில்தானே என்று ஹெல்மெட் போடுவதில்லை. சங்கத்துக்காரன் முதலில் திருந்தட்டும். அப்போதுதான் அதிகாரி முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியும்.

நமது கோரிக்கைகள்:

1. பைபாஸை அகலப்படுத்தும்போது ஒவ்வொரு முக்கியப் பிரிவிலும் சுரங்கப்பாதை. வைக்கோல் பாரத்தோடு டிராக்டர் நுழையும் உயரம் வேண்டும். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிகால் வேண்டும்.

2. இருபுறமும் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு. மெயின் ரோட்டுக்கு முன்பே இதைப் போட வேண்டும்.

3. அதுவரை பிரிவுகளில் விளக்கு, வேகத்தடுப்பு, வலதுபுறம் திரும்பி நிற்கத் தனி இடம்.

4. மதுக்கரையிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கி.மீ. மேற்குப் புறவழிச்சாலைத் திட்டத்தில், பேரூர், மாதம்பட்டிப் பகுதித் தோட்டப் பாதைகளுக்கும் இதே ஏற்பாடு.

5. வரைபடமும் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையும் தமிழில், கிராம சபையில்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். பதில் இல்லையென்றால் பிரிவுதோறும் கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம். நாம் ரோட்டை மறிக்கப் போவதில்லை. ரோட்டைக் கடக்க வழி கேட்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஊரிலிருந்தும் உங்கள் பிரிவின் பெயர், அங்கே போன உயிர்களின் எண்ணிக்கை, தேதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்களும் வாருங்கள்; விடிகாலையில் கேனோடு கடப்பவர்களில் பாதிப்பேர் நீங்கள்தான்.

நிலம் கொடுத்தது நாம். உயிரையும் கொடுக்க முடியாது!

ஒன்றுபடுவோம்! வழி பெறுவோம்!