குழந்தைக்கு முந்திரி ஆகாது. அதுக்காக அம்மா வேலையை விடணுமா?



இந்த வாரம் எஸ்ஐபி, வரி சேமிப்பு எல்லாத்துக்கும் லீவு. என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்லப் போறேன். பயப்படாதீங்க, கடைசியில் அது கணக்குலதான் வந்து நிக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி, சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். என் பொண்ணுக்கு அப்போ ரெண்டரை வயசு. யாரோ ஆசையா ஒரு காஜு கத்லியைப் பிட்டுக் கொடுத்தாங்க. பாதித் துண்டுதான். பத்து நிமிஷத்துல உதடு வீங்கிடுச்சு. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, அப்புறம் விடாத இருமல். "வெயில் ஒத்துக்கல போல"ன்னு ஒருத்தர், "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க"ன்னு இன்னொருத்தர். இருமல் இரைப்பா மாறினதும் காரை எடுத்தோம். எமர்ஜென்சியில் தொடையில் ஒரு அட்ரினலின் ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல குழந்தை நல்லா மூச்சு விட ஆரம்பிச்சா. அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் மறக்கல.

முந்திரி அலர்ஜி. முந்திரி ஆகாதவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பிஸ்தாவும் ஆகாது, அதனால ரெண்டையும் நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் ஒரே முடிவுக்கு வந்துட்டாங்க: "இனிமே அவ வேலைக்குப் போக வேண்டாம். குழந்தையை யாரு பாத்துக்கறது?" 'அவ'ன்னா என் மனைவி. நான் தனியா பிராக்டிஸ் பண்ற ஆடிட்டர், அவங்க ஒரு கம்பெனியில் மாசச் சம்பளம். "நீ வேலையைக் குறைச்சுக்கறியா?"ன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. உண்மையைச் சொல்லணும்னா, அந்தக் கேள்வி எனக்கே தோணல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குழந்தைக்கு உணவு அலர்ஜி இருந்தா, அதோட மிகப் பெரிய செலவு ஆஸ்பத்திரி பில்லா இருக்காது. பதட்டத்துல, கணக்குப் போடாம விடற ஒரு சம்பளம்தான் அது. ஏன்னு ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல் செலவு: க்ளைம் ஆகாத பில்

அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய், மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தோம். ஊசி வேலை செஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சு ரியாக்‌ஷன் திரும்ப வரலாம் என்பதால் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பில் 18,400 ரூபாய். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல க்ளைம் போட்டோம், ரிஜெக்ட். காரணம், 24 மணி நேரம் அட்மிட் ஆகல.

நம்ம ஊர் ஹெல்த் பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான். டேகேர் சிகிச்சைப் பட்டியலில் இல்லாத எதற்கும் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியா இருக்கணும். அலர்ஜி செலவு முழுக்க இந்த எல்லைக்கு வெளியேதான் விழும்: டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம். சில புது பாலிசிகளில் குறைந்த நேரம் அட்மிட் ஆனாலே கவர் உண்டு, சிலதில் ஓபிடி சேர்த்துக்கலாம். புதுசா எடுக்கறவங்க இதைக் கேட்டு எடுங்க.

வரியிலும் பெரிய உதவி இல்லை. மருத்துவ பில் கொடுத்து 15,000 ரூபாய் வரை வரிவிலக்கு வாங்கின வசதி 2018-19 நிதியாண்டிலேயே போயிடுச்சு. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கான வரிக் கழிவும் பழைய வரி முறையில்தான். அதனால நாங்க 30,000 ரூபாயைத் தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வெச்சிருக்கோம். எமர்ஜென்சி ஃபண்டோட அதைக் கலக்கறதில்லை.

ரெண்டாவது செலவு: பயத்துல பண்ற டெஸ்ட்

பதட்டத்துல நான் பண்ண முதல் தப்பு இது. ஒரு லேப்ல 9,000 ரூபாய் கொடுத்து பெரிய அலர்ஜி பேக்கேஜ் எடுத்தேன். ரிப்போர்ட்ல 14 பொருளுக்கு 'பாசிட்டிவ்'. அதுல கோதுமை, பால் ரெண்டும் இருந்துச்சு. ஆனா என் பொண்ணு தினமும் சப்பாத்தியும் பாலும் சாப்பிட்டுட்டு நல்லாத்தான் இருந்தா!

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நிதானமா சொன்னார்: "ரத்தத்துல பாசிட்டிவ்னா உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வெச்சிருக்குன்னுதான் அர்த்தம். சாப்பிட்டு ஒண்ணும் ஆகலன்னா அது அலர்ஜி இல்லை. இந்தப் பேப்பரைப் பார்த்து எதையும் நிறுத்தாதீங்க." எந்தப் பொருள் மேல சந்தேகமோ அதுக்கு மட்டும் டெஸ்ட், தேவைப்பட்டா ஆஸ்பத்திரியில் வைத்து டாக்டர் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பது. இதுதான் சரியான முறை. 9,000 ரூபாய் போனது கூட பரவாயில்லை. அந்தப் பேப்பரை நம்பி 14 உணவை நிறுத்தியிருந்தா வளர்ற குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும்?

இதுக்கு நேர்மாறா, உயிரைக் காப்பாத்தற பொருள் ரொம்ப மலிவு. அமெரிக்காவில் அட்ரினலின் பேனா ரெண்டு கொண்ட ஒரு பெட்டியின் விலை 2016-ல் 600 டாலர் வரைக்கும் போய் பெரிய சர்ச்சை ஆச்சு. நம்ம ஊர் மருந்துக்கடைகளில் அந்தப் பேனா சாதாரணமா கிடைக்காது. ஆனா அட்ரினலின் ஆம்பியூல் ஒண்ணு நூறு ரூபாய்கூட வராது. என் டாக்டர் எங்க ரெண்டு பேருக்கும் எடையைப் பார்த்து அளவை எழுதிக் கொடுத்து, எப்படி ஏத்தறது, தொடையில் எங்கே போடறதுன்னு உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்தார். அரிப்புக்குக் கொடுக்கற சிரப் மூச்சுத்திணறலை நிறுத்தாதுன்னும் அழுத்திச் சொன்னார். இதை உங்க டாக்டர்கிட்ட நேர்ல கத்துக்கோங்க, இன்டர்நெட்ல பாத்துப் பண்ணாதீங்க. எக்ஸ்பைரி தேதியை போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. வெயில்ல நிக்கற கார்ல மருந்தை விட்டுட்டுப் போகாதீங்க.

மூணாவது செலவு: தினசரி வாழ்க்கை

முந்திரி நம்ம சாப்பாட்டுல எங்கெல்லாம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. வெண்பொங்கல், கேசரி, பாயசம், லட்டு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடம்தான் ஆபத்து. குருமாவிலும் பன்னீர் பட்டர் மசாலாவிலும் அரைச்சு ஊத்தியிருப்பாங்க. ஹோட்டல்ல "முந்திரி இருக்கா?"ன்னு கேட்டா, சர்வர் மேலே தூவியிருக்கான்னு மட்டும் பாத்துட்டு "இல்ல சார்"ம்பார். "கிரேவிக்கு முந்திரி அரைச்சு சேர்ப்பீங்களா?"ன்னு கேக்கணும். இந்த ஒரு வாக்கியத்தைக் கத்துக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

பாக்கெட் உணவில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிப்படி பால், முட்டை, மீன், கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், சோயா, வேர்க்கடலை, முந்திரி போன்ற பருப்புகள் எல்லாம் அலர்ஜி அறிவிப்பில் வரணும். 'கன்டெய்ன்ஸ் நட்ஸ்'னு இருந்தா வாங்கறதில்லை. 'மே கன்டெய்ன்'னு இருந்தாலும் நாங்க வாங்கறதில்லை. எள்ளு அலர்ஜி உள்ள வீட்டுக்காரங்க ஜாக்கிரதை: அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் இருக்கு, நம்ம பட்டியலில் இல்லை. அதனால முழு இன்கிரீடியன்ட் லிஸ்ட்டையும் படிக்கணும். ஸ்வீட் கடையில் எடைபோட்டு வாங்கறதுக்கு லேபிளே கிடையாது. காஜு கத்லி வெட்டின அதே கத்திதான் மைசூர்பாகுக்கும்.

பிறந்தநாள் பார்ட்டின்னா முந்தின நாளே அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு போன், கூடவே எங்க டப்பாவுல எங்க கேக். மத்தவங்க கொடுக்கற சாக்லேட்டை வாங்கி "தேங்க்யூ" சொல்லிட்டு பையில் வெச்சுக்குவா, வீட்டுக்கு வந்து அதைக் கொடுத்தா ஒரு ஸ்டிக்கர். தீபாவளிக்கு அவளுக்கான ஸ்வீட் வீட்டிலேயே செய்யறோம். "முந்திரியைப் பொறுக்கிட்டுக் கொடேன்"ம்பாங்க. பொறுக்கினா போகாது, நெய்யில வறுத்ததே அதுலதானே. ஆரம்பத்துல "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"ன்னு கேட்ட எங்க அம்மாவுக்கு, அன்னிக்கு ராத்திரி எடுத்த போட்டோவைக் காட்டினேன். இப்போ வீட்டுல அவங்கதான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். யாராவது பண்ருட்டி முந்திரி வாங்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பிக் கொடுத்துடறாங்க.

டாக்டர் ஃபீஸ், மருந்து, தனி ஸ்நாக்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் சராசரி 2,500 ரூபாய். சமாளிக்கக்கூடிய தொகைதான்.

நாலாவது செலவு: அந்தச் சம்பளம்

இப்போ பெரிய கணக்கு. குழந்தை பெரிய ஸ்கூலுக்குப் போற வரைக்கும் மூணு வருஷம் வேலையை விட்டா என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பேப்பர், பேனாவோட உக்கார்ந்தோம்.

விட்டா இழக்கறது:
- கைக்கு வரும் சம்பளம் 62,000 × 36 = 22,32,000
- பிஎஃப், ரெண்டு பக்கமும் சேர்த்து 7,200 × 36 = 2,59,200
- மொத்தம் 24,91,200

வேலைக்குப் போறதால ஆகற செலவு:
- டேகேர் 12,000 (இதுல 4,000 கூடுதல், ஏன்னு கீழே சொல்றேன்)
- காலையில் வந்து சமைச்சுக் கொடுக்கற அக்காவுக்கு 6,500
- போக்குவரத்து 3,000
- மொத்தம் மாசம் 21,500 × 36 = 7,74,000

ரெண்டு பக்கமும் பொதுவான 2,500 ரூபாயை எந்தப் பக்கத்திலும் சேர்க்கல. வித்தியாசம் 17,17,200 ரூபாய். சம்பள உயர்வு, வட்டி, மூணு வருஷம் கழிச்சு திரும்ப வேலை தேடும்போது குறையப் போற சம்பளம், எதையும் கணக்குல எடுக்கல.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. குடும்பத்தோட குரூப் இன்சூரன்ஸ் அவங்க கம்பெனி வழியா வந்தது. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கனவே இருக்கற நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. தனிப் பாலிசிக்குப் போனா அலர்ஜியைச் சொல்லித்தான் எடுக்கணும், காத்திருப்புக் காலம் 36 மாசம் வரை இருக்கலாம். அதாவது, குழந்தையைப் பாதுகாக்க வேலையை விட்டா, பெரிசா ஏதாவது வந்தா காப்பாத்தற கவரே போயிடும்! எங்க பேப்பர்ல இந்த வரியை எழுதினதும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

அந்த 4,000 ரூபாய் விஷயத்துக்கு வர்றேன். பழைய டேகேர்ல "பாத்துக்கறோம் சார்"னு சொன்னாங்க, ஆனா ஊசி மருந்தை வெச்சுக்க மாட்டோம்னுட்டாங்க. தேடிப் பிடிச்ச புது இடத்துல மருந்தை வெச்சுக்கிட்டாங்க, தமிழ்ல ஒரு பக்கத்துக்கு நாங்க எழுதிக் கொடுத்த 'என்ன அறிகுறி, என்ன செய்யணும், யாருக்கு போன்' பேப்பரை சுவத்துல ஒட்டினாங்க, டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட விடறதில்லை. அந்த 4,000 எனக்கு செலவாவே தெரியல, இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான்.

வீட்டுக்குள்ளயும் மாத்தினோம். காலையில் டேகேர்ல விடறது நான். புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யறது நான். டாக்டர் அப்பாயின்ட்மென்ட், எக்ஸ்பைரி, லேபிள் எல்லாம் என் பொறுப்பு. ஒத்துக்கறேன், வரித் தாக்கல் சீசன்ல, முக்கியமா செப்டம்பர்ல, நான் சொதப்புவேன். அப்போ எங்க அம்மா வந்து இருப்பாங்க.

அப்போ யாரும் வேலையை விடவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பால், முட்டை, கோதுமைன்னு பல பொருள் ஆகாத கைக்குழந்தை, பக்கத்துல நம்பிக்கையான டேகேரே இல்லாத ஊர், இல்ல, "நானே கூட இருக்கணும்"னு மனசு சொல்றது. எல்லாமே நியாயமான காரணம்தான். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர சரியாயிடும், முந்திரி மாதிரி பருப்பு அலர்ஜி பெரும்பாலும் தொடரும். அதனால எத்தனை வருஷத்துக்கான முடிவுன்னு டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க. லீவு, வீட்டிலிருந்து வேலை, பகுதி நேரம் எல்லாத்தையும் கேட்டுப் பாத்த பிறகு, அப்பாவோட வேலையையும் அதே மேஜையில் வெச்சுப் பேசின பிறகு முடிவு எடுங்க. விடறதுதான் முடிவுன்னா, ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாற முடியுமான்னு கேட்டு வைங்க.

போன மாசம் கோயில்ல சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாங்க. நாலரை வயசு ஆச்சு அவளுக்கு. கையில வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டு, "எனக்கு முந்திரி ஆகாது, அப்பா சாப்பிடுவாங்க"ன்னு என்கிட்ட நீட்டினா. அவங்க அம்மா அப்போ ஆபீஸ்ல இருந்தாங்க.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க வீட்டுல அலர்ஜியோ, ஆஸ்துமாவோ, வயசான அப்பாவோ, யாருக்காகவாவது "யாராவது ஒருத்தர் வேலையை விடணும்"னு பேச்சு வந்தா, ஒரு பேப்பர்ல ரெண்டு காலம் போடுங்க. மேலே ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க. அப்புறம் கணக்கை ஆரம்பிங்க.