கேட்டுவிட்டுக் கட்டியவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்னாள்: “ஒரே ரூம்ல எட்டுப் பேர் மேம். துணி காயப்போட இடமில்ல. பாதி ஈரத்தோடதான் உள்ளாடையப் போட்டுட்டு ஷிஃப்டுக்குப் போறோம்.” அந்த அறையையும் யாரோ வரைந்திருப்பார்கள், யாரோ கட்டியிருப்பார்கள், யாரோ வாடகை வாங்குகிறார்கள். எட்டுப் பெண்களின் துணி எங்கே காயும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

குடியிருப்பவர்களைக் கேட்டுக் கட்டினால் கட்டுப்படியாகாது என்பார்கள். அப்படிக் கட்டிய ஒரு பெண் பக்கத்து நாட்டில் இருந்தார். மினெட் டி சில்வா, 1918இல் கண்டியில் பிறந்தவர். தாய் ஆக்னஸ், இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மினெட் பம்பாயில் படிக்கும்போது காந்தியின் விடுதலை கோரிய கூட்டத்துக்குப் போனார், கல்லூரி வெளியேற்றியது. லண்டன் போய்ப் படித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்ணானார். ஊர் திரும்பி, கண்டி வட்டபுளுவவில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை வடிவமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டறிந்த பிறகே வீடுகளை வரைந்தார். 1958இல் அது முடிந்துவிட்டது. கட்டுப்படியாகாத கதையை இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

இவரை யாருக்குத் தெரியும்? இலங்கையின் நவீனக் கட்டடக்கலை என்றதும் ஜெஃப்ரி பாவா பெயர்தான் வரும். பாவா கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றதே 1957இல். மினெட்டின் கருணாரத்ன வீடு 1951இலேயே எழுந்துவிட்டது. அவரை நினைவுகூர்பவர்களும் கார்பூசியேயின் தோழி என்பார்கள், சேலை அழகைச் சொல்வார்கள். (ஆண் கட்டடக் கலைஞரின் வேட்டியைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?) 1996இல், சாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

2021 டிசம்பரில், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லி அருகே உள்ள விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காகக் கைபேசி ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் நான் படித்த செய்திகளில் படுக்கைக் கணக்குத்தான் இருந்தது, கேள்வித்தாள் இல்லை.

மாணவியிடம் நானே கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. யோசிக்காமல் சொன்னாள்: “வெயில் விழற ஒரு கொடி. உள்ள தாழ்ப்பாள் இருக்கற பாத்ரூம். நைட் ஷிஃப்ட் முடிச்சு பகல்ல தூங்க கொஞ்சம் இருட்டு. அப்புறம் மேம், அம்மா வந்தா உக்கார ஒரு இடம்.”